கணக்கும் நம்பிக்கையும்

நாளையைப் பற்றிய கவலையை இறைவனிடம் விட்டுவிடு என்று சமயம் கூறுகிறது. நாளைக்கென்று ஒன்றும் எடுத்து வைக்காதவனைப் பொறுப்பற்றவன் என்று உலகம் கூறுகிறது. துறவிக்கு இவ்விரண்டிற்கும் இடையே போராட்டமில்லை. அவன் முதல் குரலைத் தேர்ந்துகொண்டு புறப்பட்டுவிட்டவன். இல்லறத்தானின் நிலை அப்படியன்று. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், கையில் சம்பளத்துடன், அவன் இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் நிற்கிறான்.

கொல்கத்தாவின் தென்மேற்கில் உள்ள பெஹாலாவை எடுத்துக்கொள்வோம். பழமையான ஊர். இங்குள்ள பரிஷாவின் சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்துதான் 1698-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி, பிற்காலத்தில் கல்கத்தாவாக வளர்ந்த மூன்று கிராமங்களின் உரிமையை 1300 ரூபாய்க்குப் பெற்றது. இன்று பெஹாலா மாதச் சம்பளத்தில் வாழும் நடுத்தரக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. பரிஷாவில் ஆக்ஸ்ஃபோர்டு மிஷனின் வளாகம் இருக்கிறது. தெற்கே தாகூர்புகூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் திருச்சபையின் மிஷன் பணி நடந்தது. இங்கே வாழும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத் தலைவனின் முன்னால் இருப்பவை இவை: தேவாலயத்திற்கு உரிய தசமபாகம், வீட்டுக்கடன் தவணை, மகளின் கல்லூரிக் கட்டணம், முதிய தாயின் மருந்துச் செலவு, முதுமைக்கான சேமிப்பு. வானத்துப் பறவைகளுக்கு உணவளிப்பவர் தனக்கும் அளிப்பார் என்று ஞாயிறன்று கேட்டவன், திங்களன்று வங்கிக்குச் சென்று வைப்புநிதி தொடங்குகிறான். அது அவனது நம்பிக்கைக் குறைவா?

கேள்வி கிறிஸ்தவனுக்கு மட்டும் உரியதன்று. இறைவனை நம்பி இல்லறம் நடத்தும் எவருக்கும் உரியது.

நற்செய்தியில் இரண்டு குரல்கள்

மேலோட்டமாகப் படிப்பவருக்கு விவிலியம் இது குறித்து முரண்பட்டுப் பேசுவது போலத் தோன்றும். மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர், விதைக்காமலும் அறுக்காமலும் வாழும் பறவைகளையும் நூல் நூற்காத காட்டு மலர்களையும் காட்டி, நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்கிறார். இறைவன், செல்வம் என்ற இரு எஜமானர்களுக்கு ஒருவன் ஊழியம் செய்ய முடியாது என்கிறார். விளைச்சல் பெருகியதும் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்டத் திட்டமிட்ட செல்வன், அன்றிரவே உயிர் துறக்கும் கதையைச் சொல்கிறார்.

அதே இயேசுநாதர், கோபுரம் கட்டப் புகுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்றும் கேட்கிறார். எஜமானன் ஒப்படைத்த தாலந்துகளைப் பெருக்கிய ஊழியரைப் பாராட்டி, அஞ்சி மண்ணில் புதைத்தவனைக் கண்டிக்கும் கதையும் அவர் சொன்னதே. பழைய ஏற்பாட்டின் நீதிமொழிகளோ, கோடையில் உணவு சேர்க்கும் எறும்பிடம் பாடம் கற்குமாறு சோம்பேறியை அனுப்புகிறது.

இந்த முரண்பாட்டைத் தீர்க்க ஒரு வழி, இரண்டு களஞ்சியங்களை ஒப்பிடுவது. எகிப்தில் யோசேப்பும் களஞ்சியம் நிரப்பினான். ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைச் சேர்த்து வைத்து, பஞ்சம் வந்தபோது நாட்டையும், தன்னை விற்ற அண்ணன்மாரின் குடும்பத்தையும் காத்தான். அவனை யாரும் மூடன் என்று அழைக்கவில்லை. உவமையில் வரும் செல்வன் ஏன் மூடனானான்? அவனது பேச்சைக் கவனித்தால் விடை கிடைக்கும். என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆன்மா என்றே அவன் எண்ணுகிறான். மனைவி, வேலையாள், அண்டைவீட்டான், இறைவன் ஒருவர்கூட அந்த எண்ணத்தில் இல்லை. யோசேப்பு தானியத்திற்குக் காவலன், இவனோ சொந்தக்காரன். சேமிப்பு இருவருக்கும் பொது. யாருடையது, யாருக்காக என்ற எண்ணத்தில்தான் வேறுபாடு.

இந்தக் காவலனைத் தமிழ் விவிலியம் உக்கிராணக்காரன் என்ற அழகிய பழஞ்சொல்லால் குறிக்கிறது. பண்டகசாலையின் சாவி அவனிடம் இருக்கும், பண்டம் அவனுடையதன்று. ஒருநாள் கணக்குக் கேட்கப்படும். எஜமானர் வீட்டுக் குழந்தையைத் தன் குழந்தைபோல் வளர்த்தாலும், அது தனதன்று என்பதை உள்ளூர அறிந்திருக்கும் பணிப்பெண்ணைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் கூறியதை அறிந்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதாக இராது.

ஆனால் இதிலிருந்து பிறக்கும் ஒரு முடிவைப் பலர் கவனிப்பதில்லை. சொந்தப் பணம் என்றால் கணக்கு எழுதாமல் விடலாம். இழந்தால் நமக்கே நஷ்டம். பிறர் பணமானால் ஒரு காசுக்கும் கணக்கு வேண்டும். பணம் இறைவனுடையது என்று நம்புகிறவன் கணக்கில் தளர்ச்சி காட்ட முடியாது. நம்பிக்கை கணக்கை இன்னும் கண்டிப்பாக்குகிறது. இதை உணராத பக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கல்கத்தாவின் வரலாறே காட்டுகிறது.

ஒரு நல்ல மனிதரின் கடன்

1793-ஆம் ஆண்டு நவம்பரில் வில்லியம் கேரி குடும்பத்துடன் கல்கத்தாவில் வந்திறங்கினார். உடன் வந்தவர் ஜான் தாமஸ் என்ற மருத்துவர். தாமஸ் போலி பக்தர் அல்லர். ஏழை நோயாளிகளுக்காக மனமுருகியவர். கேரிக்கு முன்பே வங்காளத்திற்கு வந்து, வங்காள மொழி கற்று உழைத்தவர். அவரிடம் ஒரே ஒரு குறை. வரவுக்குள் செலவு செய்ய அவருக்குத் தெரியவில்லை. எங்கு சென்றாலும் கடன்காரர்கள் அவரைப் பின்தொடர்ந்தனர்.

இரு குடும்பங்களுக்குமான பணம் தாமஸின் பொறுப்பில் இருந்தது. சில மாதங்களுக்குள் அது கரைந்துபோயிற்று. அந்நிய நாட்டில், மொழி தெரியாத மனைவியுடனும் சிறு குழந்தைகளுடனும் கேரி வறுமையில் விழுந்தார். வீட்டில் நோய் புகுந்தது. அப்போது மானிக்தலாவில் தமது தோட்டத்து வீட்டில் தங்க இடம் கொடுத்தவர், வட்டித் தொழில் செய்த ஒரு வங்காளி இந்து. பக்தரின் கணக்கற்ற தன்மையால் தெருவுக்கு வந்த குடும்பத்திற்குக் கணக்கறிந்த லேவாதேவிக்காரர் அடைக்கலம் தந்தார்.

தாமஸின் வாழ்க்கையில் ஓர் அறநெறி உண்மை ஒளிந்திருக்கிறது. கடன் வாங்கித் தானம் செய்பவன், தான் தருவதாக நினைக்கிறான். உண்மையில் தருபவன் அவனல்லன். திரும்பப் பெறாத கடன்காரனும், பசித்திருக்கும் வீட்டாருமே தருகிறார்கள், அதுவும் தங்கள் சம்மதமின்றி. அன்பின் பெயரால் நிகழும் இந்தத் தவறு, பேராசையால் நிகழும் தவற்றைவிடக் கண்டுபிடிக்க அரியது. செய்பவனின் மனச்சான்று அவனைக் குத்துவதில்லை.

கேரி பாடம் கற்றார். 1794-இல் மால்டா பகுதியில் முட்நாபாட்டி என்ற ஊரின் அவுரிச் சாயத் தொழிற்சாலையில், மாதம் 200 ரூபாய்ச் சம்பளத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். இனித் தமக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று தம்மை அனுப்பிய சங்கத்திற்கு எழுதினார். அருட்பணியாளர் வணிகராகி விடுவாரோ என்று அங்கே சிலர் கவலைப்பட்டனர். உழைத்து உண்பது நம்பிக்கைக்கு இழுக்கு என்று கேரி கருதவில்லை.

பொதுப் பணப்பை

1800-இல் கேரி ஸ்ரீராம்பூருக்கு வந்தார். மார்ஷ்மன், வார்டு ஆகியோரின் குடும்பங்களும் சேர்ந்து ஒரே சமையலில், ஒரே பணப்பையில் வாழ்ந்தன. யார் எவ்வளவு ஈட்டினாலும் அது பொது நிதிக்குச் சென்றது. ஒவ்வொரு குடும்பமும் தேவைக்குரிய சிறு தொகையை மட்டும் எடுத்துக்கொண்டது. கேரி 1801 முதல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராகி, முதலில் மாதம் 500 ரூபாயும் பின்னர் 1000 ரூபாயும் பெற்றார். அன்று அது பெரிய வருமானம். அதில் மிகப் பெரும் பகுதி அச்சகத்திற்கும் பள்ளிகளுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் சென்றது. ஹன்னா மார்ஷ்மன் நடத்திய பள்ளியின் வருமானமும் அப்படியே.

இவ்வளவு ஒழுங்கிற்குப் பிறகும் இழப்பு வந்தது. 1830-இல் பாமர் கம்பெனி சரிந்ததைத் தொடர்ந்து, கல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. அன்று மக்கள் சேமிப்பை வைக்கும் இடங்கள் அவையே. ஸ்ரீராம்பூர் மிஷனின் நிதியும் அந்த வீழ்ச்சியில் சிக்கியது. கேரி அப்போது எழுபது வயதை நெருங்கியவர். உழைப்பை நிறுத்தவில்லை, 1834-இல் மறையும் வரை பணியில் இருந்தார்.

கேரியின் வாழ்க்கையின் இந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1793-இல் வந்த துன்பம் கணக்கின்மையால் வந்தது. அதை இறைவன் தந்த சோதனை என்று சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். 1830-களில் வந்த துன்பம் கணக்கை மீறி வந்தது. அங்கேதான் நம்பிக்கைக்கு உண்மையான வேலை. மனிதன் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த எல்லையில் சரணாகதி தொடங்குகிறது. அந்த எல்லைக்கு முன்பே சரணடைவதாகக் கூறுபவன், தன் வேலையை இறைவன் தலையில் சுமத்துகிறான்.

பெஹாலாவின் இரு சாலைகள்

பெஹாலாவில் இரண்டு பெருஞ்சாலைகள் ஏறக்குறைய இணையாகத் தெற்கு நோக்கிச் செல்கின்றன. ஒன்றின் பெயர் ஜேம்ஸ் லாங் சரணி. மற்றொன்று டைமண்ட் ஹார்பர் சாலை. 2022 டிசம்பரில் தாராதலாவிலிருந்து ஜோகா வரை தொடங்கிய மெட்ரோ ரயில் அதன்மீதுதான் ஓடுகிறது. பணத்தைப் பற்றிய இரண்டு பாடங்களை இந்தச் சாலைகள் நினைவூட்டுகின்றன.

ஜேம்ஸ் லாங் தாகூர்புகூரில் பணியாற்றிய அயர்லாந்துப் பாதிரியார். அவர் காலத்தில் வங்காள விவசாயிகள் அவுரிக் கடனில் மூழ்கியிருந்தனர். தோட்ட முதலாளி ஒரு சிறு முன்பணத்தைக் கொடுத்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிடச் செய்வான். விளைச்சலுக்கு அவன் வைத்ததே விலை. கணக்கேடும் அவன் கையில். எத்தனை ஆண்டு பயிரிட்டாலும் முன்பணம் தீராது. தந்தையின் கடன் மகனின் தலையில் ஏறும். ஒரு காலத்தில் கேரிக்குச் சோறிட்ட தொழில், கணக்கு ஒருவன் கையிலேயே இருந்ததால், லட்சக்கணக்கானோருக்கு விலங்காயிற்று.

தீனபந்து மித்ரர் இக்கொடுமையை ‘நீல் தர்ப்பண்’ என்ற நாடகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை லாங் வெளியிட்டார். தோட்ட முதலாளிகளின் தரப்பு அவதூறு வழக்குத் தொடுத்தது. 1861 ஜூலையில் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அந்த அபராதத்தைச் செலுத்தியவர், மகாபாரதத்தை வங்காள உரைநடையில் தந்த காளிபிரசன்ன சிம்ஹர். கடனில் சிக்கியவர்களுக்காகக் கிறிஸ்தவப் பாதிரியார் சிறை சென்றார். அவருடைய அபராதத்தை இந்துச் செல்வந்தர் கட்டினார். இருவருமே உக்கிராணக்காரர்கள்.

டைமண்ட் ஹார்பர் சாலை நினைவூட்டுவது வேறு. பெஹாலாவைக் கடந்து தெற்கே சென்றால் விஷ்ணுபூர் வரும். அங்கேதான் சாரதா குழுமத்தின் ‘சாரதா கார்டன்ஸ்’ நிலத் திட்டம் இருந்தது. வங்கி தரும் வட்டியைவிட மிக அதிகம் தருவதாகக் கூறி, ஏறக்குறைய 17 லட்சம் பேரின் பணத்தைத் திரட்டிய அக்குழுமம் 2013 ஏப்ரலில் சரிந்தது. பணம் கேட்டு வீட்டுக்கு வந்தவர்கள் அந்நியர்கள் அல்லர். உறவினரும் அண்டைவீட்டாருமே முகவர்களாக இருந்தனர். நிறுவனத்தின் பெயரோ வங்காளத்தில் வீடுதோறும் வணங்கப்படும் அன்னையை நினைவூட்டும் பெயர். தெரிந்த முகமும் தூய பெயரும் இருந்ததால், இந்தப் பணம் எந்தத் தொழிலில் இவ்வளவு லாபம் ஈட்டும் என்ற எளிய கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவில்லை.

புனிதப் பெயரைப் பலகையில் எழுதுவதால் கணக்கு புனிதமாகாது. தட்சிணேசுவரத்தில் இளைஞர் யோகின் கடைக்காரரின் பேச்சை நம்பி, சோதித்துப் பாராமல் விரிசல் விட்ட வாணலியை வாங்கி வந்தபோது, பக்தனாக இருப்பதற்காக மூடனாக இருக்க வேண்டியதில்லை என்று ஸ்ரீராமகிருஷ்ணர் கடிந்துகொண்டது நினைவுகூரத் தக்கது. இறைவனிடம் வைக்க வேண்டிய நம்பிக்கையை விளம்பரத்தின்மீது வைப்பது பக்தி ஆகாது. பேராசை சிலரை ஏமாற்றுகிறது. சோம்பல் பலரை ஏமாற்றுகிறது.

துறவியின் பையும் இல்லறத்தானின் பையும்

ஆக்ஸ்ஃபோர்டு மிஷன் 1880-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் சகோதரர்கள் திருமணமின்றி, தனிச்சொத்தின்றிக் கூட்டு வாழ்க்கை வாழ்ந்தார்கள். அன்னை தெரசா 1950-இல் நிறுவிய சபையும் நிலையான வருமானத்தை நாடாமல் அன்றாடம் வருவதைக் கொண்டு நடந்தது. இவர்களைப் பார்த்து ஓர் இல்லறத்தான், தானும் எதையும் சேமிக்கக் கூடாது என்று முடிவு செய்தால் அது பிழை. துறவி பசித்தால் அவன் மட்டுமே பசிக்கிறான். இல்லறத்தானின் துணிச்சலுக்குக் குழந்தைகள் விலை கொடுக்கிறார்கள்.

துறவியும் கணக்கை விட்டவன் அல்லன். 1964-இல் இந்தியா வந்த போப்பாண்டவர் ஆறாம் பவுல் தாம் பயன்படுத்திய காரை அன்னை தெரசாவுக்கு அளித்தார். அவர் அதில் ஏறவில்லை, விற்கவும் இல்லை. குலுக்கல் பரிசாக வைத்து, விலையைவிடக் கூடுதலான தொகையைத் திரட்டி, தொழுநோயாளர் குடியிருப்புக்குப் பயன்படுத்தினார். பற்றின்மை வேறு, பொறுப்பின்மை வேறு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இல்லறத்தானுக்கு உரிய வழியை ஜான் வெஸ்லி காட்டினார். நேர்மையாக ஈட்டு, வீணாக்காமல் சேமி, இயன்றவரை கொடு என்பது பணத்தின் பயனைப் பற்றிய அவரது 1760-ஆம் ஆண்டுப் பிரசங்கத்தின் சாரம். முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்பவன் களஞ்சியச் செல்வனே. ஆக்ஸ்ஃபோர்டில் வருமானம் 30 பவுனாக இருந்தபோது வெஸ்லி 28 பவுனில் வாழ்ந்து மீதத்தைக் கொடுத்தார். வருமானம் இரட்டித்த பின்னும் அவரது செலவு 28 பவுனே. வருமானம் உயரும்போது பெரும்பாலோர் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறார்கள். அவர் கொடையை உயர்த்தினார். வரவின் வழி சிறிதாயினும் செலவின் வழி அகலாவிட்டால் கேடில்லை என்ற வள்ளுவரின் பொருளியலும் இதற்கு அண்மையில் நிற்கிறது.

நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலை பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்நியப் பணத்தில் வாழும் திருச்சபை முதிர்ச்சி அடையாது என்பது அவர் எண்ணம். ஏழைகள் எதைக் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு மிசோரமின் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதலே விடை தந்து வருகிறார்கள். ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். நம் வீடுகளின் பிடியரிசிதான் அது. கொடை என்பது மிஞ்சியதைத் தருவதன்று, உலை வைக்கும் முன்பே எடுத்து வைப்பது.

எது முதலில்?

இப்போது அந்தக் குடும்பத் தலைவனின் கேள்விக்கு வரலாம். சம்பளம் வந்ததும் தசமபாகமா, கடனா, சேமிப்பா?

கடனைத் தீர்ப்பது நீதி, காணிக்கை அன்பு. நீதியை மீறி அன்பு செய்ய இயலாது. மளிகைக் கடைக்காரருக்கு மூன்று மாதப் பாக்கி வைத்துவிட்டுக் காணிக்கைப் பெட்டியில் போடும் பணம், கடைக்காரரின் பணம். ஏழை விதவையின் இரண்டு காசுகளை இயேசுநாதர் பாராட்டியது, அவை அவளுடையவை என்பதாலும்தான். எனினும் எல்லாக் கடனும் தீர்ந்த பிறகு கொடுப்பேன் என்பவன் ஒருநாளும் கொடுக்கப் போவதில்லை. நீண்ட காலத் தவணைகளுக்கு முடிவேது? உரிய தவணையை உரிய நாளில் செலுத்துபவன், மீதத்தில் சிறிதளவையேனும் முதலிலேயே கொடைக்கு ஒதுக்கலாம். இறைவன் பன்மடங்காகத் திருப்பித் தருவார் என்ற எதிர்பார்ப்போடு கொடுப்பது மட்டும் கூடாது. அது இறைவனையும் அதிக வட்டி தரும் நிறுவனமாக்கிவிடும்.

சேமிப்புக்கு அளவுகோல் ஒன்று உண்டு. நோய், முதுமை, பிள்ளைகளின் கல்வி போன்ற பெயர் சொல்லக்கூடிய தேவைக்காகச் சேர்ப்பது முன்யோசனை. எவ்வளவு சேர்ந்தாலும் போதும் என்று சொல்ல முடியாவிட்டால், தேவை மறைந்து அச்சம் அங்கே அமர்ந்துவிட்டது என்று பொருள். கவலைப்படாதே என்ற போதனை அந்த அச்சத்தையே குறிக்கிறது.

தனியாகச் சேமிக்க இயலாதவர்கள் சேர்ந்து சேமிக்கலாம். ஜெர்மனியின் சிற்றூர்களில் ராய்ஃபைசன் என்ற பக்தியுள்ள நிர்வாகி, அண்டைவீட்டாரே ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் கடன் சங்கங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கினார். சென்னை மாகாணத்தின் அதிகாரி நிக்கல்சன் அம்முறையை ஆராய்ந்து இங்கே பரிந்துரைத்தார். 1904-இல் திருவள்ளூருக்கு அருகே திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. 1909-இல் ராஞ்சியில் ஹாஃப்மன் என்ற ஜெசூட் பாதிரியார், வட்டிக்காரர்களிடம் நிலம் இழந்துவந்த பழங்குடி மக்களுக்காகக் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார். அவுரி முதலாளியின் ஏட்டிற்கும் இந்தச் சங்கங்களின் ஏட்டிற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. இதை உறுப்பினர் எவரும் திறந்து பார்க்கலாம்.

குடும்பத்திற்கும் இது பொருந்தும். கணவனின் கடன் மனைவிக்குத் தெரியாமலும், மனைவியின் சீட்டு கணவனுக்குத் தெரியாமலும் இருக்கும் வீட்டில், மாலை ஜெபம் எவ்வளவு நீண்டாலும் அமைதி வராது. மாதம் ஒருமுறை இருவரும் அமர்ந்து வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதினால், அதுவும் ஒரு வழிபாடே. மறைக்க ஒன்றுமில்லாதவன்தான் இறைவன் முன்னும் கணக்கு ஒப்புவிக்க முடியும்.

பறவைகள் விதைப்பதில்லை, ஆனால் கூடு கட்டுகின்றன, விடியலில் இரை தேடிப் புறப்படுகின்றன, குஞ்சுக்கு உணவு கொண்டுவருகின்றன. தம்மால் இயன்றதைச் செய்துவிட்டு இரவில் அச்சமின்றி உறங்குகின்றன. பெஹாலாவிலாயினும் திருநெல்வேலியிலாயினும் இல்லறத்தானிடம் எதிர்பார்க்கப்படுவது இதுவே. பகலில் கணக்குச் சரியாக இருக்கட்டும். இரவில் கணக்கேட்டை மூடிவிட்டு அவன் உறங்கட்டும்.